நான்கு கோரைப்பற்கள்

உங்கள் காத்திருப்பு அறையின் மீன்தொட்டி ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, டாக்டர். 'நடந்தது என்ன' என்று படிவத்தில் கேட்டுவிட்டு இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். அதனால் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

உள்ளே நாற்காலியில் கொம்பும் வெள்ளி முடியுமாக உட்கார்ந்திருப்பவன் என் மச்சான், மனைவியின் தம்பி. நான் இருபது வருடமாகச் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கோபம் என்பதே வராது. லேபில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மச்சானுக்கு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் கதைகளின் மேல் பைத்தியம். அந்தக் கதைகளில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு வருடா வருடம் ஒரு மாநாட்டுக்குப் போவான். அங்கே படம் எடுப்பார்கள். தேர்வாகிற படம் அடுத்த வருடம் நுழைவாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும். அதன் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும்: வேஷம் போட்டவர், வேஷத்தைச் செய்தவர். படம் எடுத்து முடித்ததும் ஒரு பெண் மைக்கை நீட்டி, யார் செய்தது என்று கேட்பாள். வேஷம் போட்டவன் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று வருடமாகச் செய்வது நான். ஃபோம் அட்டையை வெட்டிச் சூடு காட்டி வளைத்தால் கவசம். விக்கைக் கற்றை கற்றையாகப் பசை தடவி நிமிர்த்தினால் தலை. மச்சானின் வேலை நிற்பது. "என் தம்பி சும்மா நின்னாலே போஸ்தாங்க" என்பாள் என் மனைவி. நிற்பவனின் அங்கி காற்றில் பறக்க வேண்டுமே. அதற்காக அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் குப்புறப் படுத்துத் தூண்டில் நரம்பால் இழுத்துக்கொண்டிருப்பேன். எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், காற்றாக.

மைக் வந்ததும் மச்சான் சொல்வான்: "நானேதான் செஞ்சேன். சும்மா ரெண்டு நாள் வேலை."

நான்கு மாத வேலை, டாக்டர். தரையில் படுத்தபடியே அந்தப் பதிலை மூன்று முறை காதால் கேட்டேன். வயிறு எரிந்தது. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது.

போன வருடம் வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "அட போங்க மாமா, நமக்குள்ள என்ன உங்க பேரு, என் பேரு" என்று தோளில் தட்டினான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நானும் சிரித்தேன். அதன்பின் தூக்கம்தான் கொஞ்சம் குறைந்தது.

இந்த வருடம் பேய் இளவரசன் வேஷம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கோரைப்பற்கள். மச்சானின் வாயை அச்செடுத்து, இரண்டு வரிசைக்கும் மெல்லிய உறை செய்து, அதில் பற்களை ஏற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு வேலை செய்ததில்லை.

மாநாட்டன்று காலை உடை மாற்றும் அறையில் என் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, செட்டுப் பல்லைத் தற்காலிகமாகப் பிடிக்கும் பசை. மற்றது, பல்லுக்கு மேல் மாட்டும் கிரவுனை ஆயுசுக்கும் ஒட்டுகிற சிமெண்ட். கை தவறி மாறிவிட்டது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தொழில் தெரிந்தவர். அந்த சிமெண்டை இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் குழைக்க வேண்டும். கை தவறிக் குழைக்க முடியாது.

"வலிக்குமா மாமா?"

"வலிக்காது மச்சான். அஞ்சு நிமிஷம் இறுக்கிக் கடிச்சுக்கோ."

சமத்தாகக் கடித்தான். மேல் உறைக்கும் கீழ் உறைக்கும் நடுவிலும் கொஞ்சம் தடவியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிவிட்டால் கெடாது என்று நினைத்தேன். அவன் பேசாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவனைத்தானே கேட்பார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இடது கடைவாய் ஓரம் ஒரு ஸ்ட்ரா நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அது அச்செடுத்த அன்றைக்கே, நான்கு மாதம் முன்பே, விட்டது.

மச்சான் ஒரு முழங்காலை ஊன்றி, வாளைத் தோளில் சாய்த்து, மோவாயைத் தூக்கினான். "அந்த உறுமல் சூப்பர். அப்படியே வைங்க" என்றார் புகைப்படக்காரர். அப்படியேதான் வைத்திருந்தான்.

அந்தப் பெண் மைக்கை நீட்டினாள். "யார் செஞ்சது?"

மச்சான் 'ம்ம்ம்' என்றான். சிவப்பு லென்ஸ் போட்ட கண்கள் உருண்டன. நான் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மைக் பக்கம் போனேன். "நான்தான்."

மச்சான் என் கையைப் பிடித்தான். மார்புக் கவசத்துக்குள் விரலை விட்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். மனப்பாடம் செய்ய எழுதி வைத்திருந்தான் போலிருக்கிறது. அவள் படித்தாள்: "செஞ்சது எங்க மாமா. மூணு வருஷமா அவர்தான். சொல்லாம இருந்தது என் தப்பு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, டாக்டர்.

"அவர் வாயால சொல்லணுமே சார்" என்றாள் அந்தப் பெண். "சீட்டு செல்லாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்து சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னா படத்துக்குக் கீழ செஞ்சவர் பேர் வர்ற இடம் காலியாத்தான் போகும்."

ஆக, செய்தது நான்தான். வேண்டுமென்றுதான் செய்தேன். இப்போது மணி மூன்றரை. ஒரே ஒரு வேண்டுகோள். மரத்துப்போகச் செய்யும் ஊசி போடாதீர்கள். நாக்கு குழறினால் என் பெயர் தெளிவாக வராது. வலியைப் பொறுத்துக்கொள்வான், நல்ல பையன். பற்களை உடைக்காமல் எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

கண்ணாடிக் கதவு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட முகம் சுளிக்கவில்லை. நான்கு பற்களும் தெரிய, சிரித்த முகம் சிரித்தபடியே இருக்கிறது. என்மேல் அவனுக்குத் துளியும் கோபமில்லை.