முருகதாஸின் நெற்றிக்காசு

எனக்குச் சர்க்கரை போடாத சாயா போதும், சார். புகார் சின்னதுதான்; சாயா ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் திருவிதாங்கூர்ச் சக்கரம், காசு என்று சில்லறைக்கெல்லாம் தட்டுப்பாடு வந்தபோது, இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் மீதிக் காசுக்குப் பதிலாகக் கடைப் பெயர் பொறித்த பித்தளை வில்லைகளைக் கொடுத்தார்கள். தக்கலையில் அவற்றைச் சேர்ப்பவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், என் சிநேகிதன் முருகதாஸ் இன்னொருவன். என்னிடம் நாற்பத்தொன்று உண்டு. ஆனால் நேசமணி பலசரக்குக் கடையின் அரைச் சக்கர வில்லை அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அவன் படுக்கையில் விழுந்தான். பதினொரு நாள் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரே என்னை மெச்சியது. நான் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில், என் காதுபடவே மனைவி முத்துக்கனியிடம் சொன்னான்.

"ஏட்டி, நான் செத்தா நெத்தியில ரூவாக்காசு ஒட்டாத. நேசமணி கடை வில்லைய ஒட்டு."

மறுநாள் போய்ச் சேர்ந்தான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், அவ்வளவு பெரிய சரித்திரம் சிதையில் போகலாமா? மாலை போட்டேன். அவன் முகத்தின் மேல் விழுந்து அழுதேன், அழுகை நிஜம்தான். எழுந்தபோது வில்லை என் உள்ளங்கையில் இருந்தது, அவன் நெற்றிச் சந்தனத்தில் புத்தம்புது ஒரு ரூபாய் இருந்தது. அவனை நான் வெறும் நெற்றியோடு அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து சந்தனத்தைக் கழுவினேன். வில்லையின் ஓரத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலை எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்பு, அதே நேசமணி கடை வில்லை இன்னொன்று கிடைத்துவிட்டது என்று சொல்லி நான் முருகதாஸின் தலையில் கட்டிய போலி அது. பதிலுக்கு மூன்று நல்ல வில்லைகளை வாங்கியிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முத்துக்கனியிடம் போய் அசலைக் கேட்டேன். அவள் ஒரு ரூபாய் நாணயத்தை என் கையில் வைத்தாள்.

"தூக்குறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சேன், அண்ணே. 'அவன் கண்டிப்பா கை வைப்பான், அவன் தந்த கள்ள வில்லையையே ஒட்டு'ன்னு எனக்கிட்ட தனியா சொல்லிட்டுத்தான் போனாரு. உங்க ரூவா உங்களுக்கு."

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், சார். செத்தவன் நெற்றியில் போலியை ஒட்டி, முப்பது வருஷச் சிநேகிதனைப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஏமாற்றியிருக்கிறார்கள். சாட்சிக்கு அலைய வேண்டாம். அது போலிதான் என்று நானே சத்தியம் செய்வேன். அரம் பிடித்தது இந்தக் கைதான்.