வளையல் கீறல்

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் காலை பஸ். முன் சீட்டில் வளையல் பெட்டியை மடியில் வைத்திருந்த கடைக்கார அம்மாள், பக்கத்தில் இருந்த இளம்பெண்ணின் கையைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, கை மூளியா இருக்குது? போன வருசம் எங்கிட்ட வாங்குன வளையல் என்னாச்சு?"

"அது கீறுன கீறலு சண்ட நடக்கிற நாட்டுல இருக்குதுங்கக்கா."

பின் சீட்டில் இருந்த நான் பிறர் பேச்சைக் கேட்பது தப்புதான். இதற்குமேல் எப்படிக் கேட்காமல் இருப்பது?

"எங்க கிட்டார் கம்பெனியில பாலீசு போடற பொம்பளைங்க வளையல் போடக் கூடாதுங்க. புதுசாச்சேன்னு ஒரு நாள் போட்டுட்டுப் போனேன். ஒரு கிட்டாருல நீளமாக் கீறிருச்சு. சூப்பர்வைசரு பாக்கறதுக்குள்ள பொட்டியில வெச்சு அனுப்பிச்சுட்டனுங்க."

"யா அல்லா! அப்புறம்?"

"அத வாங்குன வெளிநாட்டுக்காரங்க இப்ப ஒரு போட்டோ அனுப்பியிருக்காங்க. குண்டு போடறாங்கன்னு சனமெல்லாம் தரைக்கு அடியில ஒரு ரூமுல ஒளிஞ்சிருக்குது. நடுவுல ஒரு சின்னப் புள்ள அந்தக் கிட்டார வாசிக்குது. முதலாளி அதப் பெருசாக்கிச் செவுத்துல மாட்டிட்டாரு. கீறலு நல்லாத் தெரியுதுங்க."

"சூப்பர்வைசரு கண்டுபுடிச்சுட்டாரா?"

"எங்கீங்க! 'குண்டு பட்டுங்கூட நம்ம பாலீசு போவல பாருங்க'ன்னு புதுசா வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் காட்டறாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"நொம்ப நல்லாருக்குது. அவருகிட்ட எப்பத்தான் உண்மையச் சொல்லுவ?"

"சண்ட முடியட்டுங்கக்கா. அந்தப் புள்ள மொதல்ல மேல வரட்டும்."