மாடிக்குப் புரொஜெக்டர், ஹாலுக்கு டிவி

— ஏட்டி செல்வி, அங்கன பாரு! சுவர் பூராவும் படம்! அவன் மூக்கே நம்ம வீட்டு ஜன்னல் அளவுக்கு இருக்கு!

— மூக்கு மேல என்னமோ ஊருதே. மருவா அது?

— மரு இல்ல மதினி, பல்லி. படத்துல உள்ளது இல்ல, எங்க கடைப் பல்லி. ச்சூ, போ அங்கிட்டு! லைட்டை அணைச்சா போதும், இதுக்கு ஒரே குஷி. அண்ணாச்சி, ஒரே வார்த்தை சொல்லுதேன். புரொஜெக்டர்னா இதுதான். நூத்தியிருபது இஞ்ச். இந்த ஊர்ல இதுக்குன்னு மாடியில ஒரு இருட்டு ரூமே போட்டு வச்சிருக்கது இந்த சைஃபுல்லா ஒருத்தன்தான்.

— பாய், இதையே கட்டிருங்க.

— கட்டாதீங்க பாய். ஏங்க, கீழ அறுபத்தஞ்சு இஞ்ச் டிவியைக் காமிச்சாரு. அதை நின்னு பாக்கக்கூட இல்ல, விறுவிறுன்னு மேல ஏறி வந்துட்டீங்க.

— டிவி எல்லா வீட்டுலயும்தான் இருக்கு. பாய், நான் மஸ்கட்ல ரெண்டு வருஷம் ஏசி மெக்கானிக். ஒரு ரூமுக்கு எட்டு பேரு. படம் பாக்கணும்னா போர்வைக்குள்ள போனை வச்சிக்கிட்டு, காதுல வயரை மாட்டிக்கிட்டு, மூச்சு விடாம பாக்கணும். மேல் கட்டில்ல படுத்திருக்கவன் காலைத் தொங்கப் போட்டான்னா முட்டி வந்து போன்ல இடிக்கும். அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஊருக்குப் போனா உள்ளங்கையில படம் பாக்க மாட்டேன், சுவர்லதான்.

— நியாயந்தான் அண்ணாச்சி. எட்டு பேரு மூச்சுக் காத்துல இருந்தவனுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும்.

— இதுல இன்னொரு விசயமும் இருக்கு பாய். செல்வி, சொல்லட்டுமா?

— சும்மா இருங்க நீங்க.

— வாயை அடக்க முடியலட்டி. பாய், வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடிடியில ஒரு புதுப்படம் வருது. அதுல எம் பொண்டாட்டி பொன்செல்வி நடிச்சிருக்கா!

— மதினியா? மாஷா அல்லா! இவ்வளவு நேரம் ஒரு நட்சத்திரத்தையா ஓட்ட ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கேன்? எந்திரிங்க மதினி, எந்திரிங்க, அந்த சோபாவுக்கு வாங்க!

— ஐயோ பாய், ரெண்டே ரெண்டு சீன். இவுக பேசுததைக் கேட்டா நானே பயந்துருவேன்.

— ரெண்டு சீன்னா என்ன குறைச்சல்? அவருகிட்ட நீயே சொல்லு, எப்படி நடந்துச்சுன்னு. எங்கிட்ட நாலு நாளைக்கு முன்னாலதான் சொன்னா பாய், நான் வந்து பெட்டியைக்கூட திறக்கல. திறக்கவே விடல இவ.

— என்னத்தைச் சொல்ல. எங்க ஊரு கரிவலம் பக்கம், பாய். எங்க அண்ணன் மூக்காண்டி ஆடு வச்சிருக்கான். போன வருஷம் மெட்ராஸ்ல இருந்து ஒரு பத்துப் பேரு வந்தாங்க. ஆட்டுக்காரப் பொம்பள ஒருத்தியோட கதையாம். அண்ணன்கிட்ட ஆட்டை வாடகைக்குக் கேட்டாங்க. நடிக்கதுக்கும் நடிகருங்க வேண்டாம், இந்தப் பக்கத்து ஆளுங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் வேடிக்கை பாக்கப் போனவ. கிணத்தடியில நில்லுன்னாங்க, நின்னேன். "ஆடு வந்துட்டு, ஆளைக் காணலியே"ன்னு சொல்லுன்னாங்க, சொன்னேன். பதினேழு தடவ.

— பதினேழு தடவையா!

— ஒரு தடவ நாய் குரைச்சிட்டு. ஒரு தடவ பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிட்டான். ரெண்டு தடவ நானே சிரிச்சிட்டேன்.

— கேட்டீங்களா பாய்? வெளிநாட்டுல எல்லாம் போட்டு, பரிசு வாங்கி, இப்பதான் நம்ம ஊருக்கு வருது. பதினேழு தடவ சொன்ன வார்த்தையை உள்ளங்கை அளவுலயா பாக்கது? எம் பொண்டாட்டி முகம் சுவர் அளவுக்குத் தெரியணும்!

— அது சரி. மூக்கு மேல பல்லியோட தெரியும்.

— பல்லியை நான் பாத்துக்கிடுதேன்.

— நான் என்ன சொல்லுதேன்னா, நம்ம வீடு மேக்க பாத்த வீடு. சாயங்காலம் ஹாலுக்குள்ள வெயில் நேரா வந்து விழும். அந்த வெளிச்சத்துல இது தெரியுமா பாய்? உண்மையைச் சொல்லுங்க.

— ஒரே வார்த்தை சொல்லுதேன் மதினி. இன்னா, இந்தக் கதவைத் திறக்கேன், நீங்களே பாருங்க. பாத்தீங்களா? அப்படியே வெளுத்துப் போச்சு. இதுக்கு இருட்டு வேணும். டிவின்னா உச்சி வெயில்லயும் பளிச்சுன்னு நிக்கும்.

— அப்ப டிவிதான்.

— பாய், நீங்க யாரு பக்கம்?

— நான் பில்லு பக்கம் அண்ணாச்சி. ரெண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்ல பாருங்க.

— ஹால்ல யாரு வைக்கப் போறா? மாடி ரூம்ல வைக்கப் போறேன். ஒரே ஒரு ஜன்னல். அதுக்குக் கறுப்புத் துணி வாங்கியாச்சு. சுவருக்கு நேத்துதான் வெள்ளை அடிச்சேன். டேப்பை வச்சு அளந்தும் பாத்துட்டேன், பதினாலு அடி தூரம் இருக்கு.

— தாராளம் அண்ணாச்சி! பத்தடி இருந்தாலே இவ்வளவு பெருசு விழும்.

— மாடி வேண்டாங்க. அந்தச் செங்குத்துப் படியில அத்தை எப்படி ஏறுவாக?

— ஏறக் கூடாதுன்னுதாம்ட்டி மாடி!

— இது என்ன பேச்சு?

— பாய், தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க அம்மாவுக்கு சினிமான்னாலே ஆகாது. நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது தியேட்டர் வரிசையில நின்னேன். டிக்கெட் கொடுக்குற ஓட்டைக்கு இன்னும் மூணே பேரு. வந்தா பாருங்க எங்க அம்மா முத்துமாரியம்மாள்! காதைப் பிடிச்சித் திருகி, ரத வீதி வழியா இழுத்துட்டுப் போனா. கடைக்காரன் எல்லாம் வெளிய வந்து பாக்கான். இன்னைக்கும் அந்த வழியா போனா காது சுடும்.

— அதுக்கு மறுநாள் உங்களுக்குக் கணக்குப் பரீட்சை. அதுக்குத்தான் அடிச்சாக, சினிமாவுக்கு இல்ல.

— உனக்கு யாரு சொன்னா?

— அத்தைதான். அடிச்சிட்டு அன்னைக்கு ராப்பூராவும் தூங்கலையாம்.

— அம்மாவா? உங்கிட்டயா? அவ அவ்வளவு பேசுவாளா?

— நீங்க போன்ல "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு கேப்பீங்க. அவுக "ஆமா"ம்பாக. உடனே வச்சிருவீங்க. அதுக்கு மேலயும் அவுகளுக்குப் பேச்சு இருக்கு.

— இருக்கும் இருக்கும். அப்பா போனதுல இருந்து அவ சிரிச்சு நான் பாத்தது இல்ல பாய். வெள்ளிக்கிழமை கோமதியம்மன் கோவில், மத்த நாள் எல்லாம் கட்டில். மருமக கேமரா முன்னால நின்னு வசனம் பேசினான்னு தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். நல்லவேளை, அந்த மெட்ராஸ்காரங்க படம் எடுத்த சமயம் அம்மா புளியங்குடியில சித்தி வீட்டுல இருந்தா, முழங்கால் வைத்தியத்துக்கு. நாப்பது நாள். இல்லன்னா இவளைக் கிணத்தடிக்கு விட்டிருப்பாளா?

— கால் வலி நல்லாயிட்டுங்க அவுகளுக்கு. அந்த நாப்பது நாள்ல நல்லா நடந்து பழகிட்டாக.

— நானும் கவனிச்சேன். வைத்தியர் கெட்டிக்காரன்தான்.

— அண்ணாச்சி, நடுவுல பேசுதேன்னு நெனைக்காதீங்க. வாங்குதது யாருக்கு? அதை முதல்ல முடிவு பண்ணுங்க. மிச்சத்தை மிஷின் பாத்துக்கிடும்.

— நல்லாக் கேட்டீங்க பாய். நான் என்ன சொல்லுதேன்னா, இவுக இன்னும் ஒரு மாசந்தான் இருப்பாக. அப்புறம் மஸ்கட். அந்த வீட்டுல நானும் அத்தையும்தான். இதுன்னா கறுப்புத் துணி கட்டணும், ஸ்பீக்கர் தனியா மாட்டணும், லென்ஸைத் திருகித் திருகிப் பாக்கணும். டிவின்னா ரிமோட்ல ஒரு அமுக்கு. நான் கடைக்குப் போயிருந்தாலும் அத்தையே போட்டுப் பாத்துக்கிடுவாக.

— எதை?

— படத்தை.

— எந்தப் படத்தை?

— ஏதாவது ஒரு படத்தை. விடுங்களேன்.

— கேட்டீங்களா பாய், எங்க அம்மா ரிமோட்டை அமுக்கிப் படம் பாக்கப் போறாளாம்! ஏட்டி, ஒரு மாசந்தான் இருக்கேன்னு நீயே சொல்லுத. அந்த ஒரு மாசமும் நீயும் நானும் மாடியில, கதவைச் சாத்திட்டு, தரையில பாயை விரிச்சு, முறுக்கு கொறிச்சிக்கிட்டுப் படம் பாக்கணும்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டு இருந்திருக்கேன். இப்ப அந்தப் படத்துலயே நீ வாரே. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

— எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆசை இல்லாமலா உங்க கூட வந்து நிக்கேன்?

— சரி சரி, ரெண்டு பேரும் இன்னா இதைப் பாருங்க. கதவைச் சாத்துதேன். எங்க தம்பி முகம்மது அர்ஷத் கல்யாண வீடியோ. கடையநல்லூர்ல எடுத்தது. சினிமா எல்லாம் எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும், சொந்தக்காரன் முகத்தைப் போட்டுப் பாத்தாத்தான் மிஷின் லட்சணம் தெரியும்.

— யம்மாடி! எவ்வளவு கூட்டம்! ஏட்டி, பிரியாணி அண்டாவைப் பாரு, ஆளே உள்ள இறங்கலாம் போல!

— பின்னால தூணைப் பிடிச்சிட்டு நிக்காகளே, அந்தப் பெரியவுக யாரு பாய்?

— அதுதான் மதினி எங்க வாப்பா.

— அவுக உதடு நடுங்குது.

— ஆமா. இதே வீடியோவை வீட்டு டிவியில நாலு தடவ பாத்திருக்கேன். வாப்பா நிக்கது தெரிஞ்சிது. அழுதது தெரியல. போன மாசம் இந்த மிஷின் வந்துச்சு. சோதிச்சுப் பாக்கலாம்னு போட்டேன். இந்த இடம் வந்ததும் நிப்பாட்டிட்டு இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டேன். எங்களை எல்லாம் அதட்டுத மனுசன் மதினி அவரு.

— பாய், இன்னொரு தடவ போடுங்க. அந்த இடத்தை மட்டும்.

— போடுதேன் மதினி.

— கண்ணு ஓரத்துல இருக்க சுருக்கம்கூட ஒண்ணொண்ணாத் தெரியுது.

— சொன்னேன்லா! சொன்னேன்லா! இப்ப சொல்லு செல்வி, டிவியில வருமா இது? பேசு.

— பெருசாத்தாங்க இருக்கு. ரொம்பப் பெருசா இருக்கு.

— அம்புட்டுத்தான், முடிஞ்சிது! பாய், பில்லைப் போடுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆளை அனுப்பி மாடியில மாட்டிருங்க. ஒரு நிமிசம் இருங்க, ஒரு போன் பண்ணிக்கிடுதேன்.

— யாருக்குங்க?

— புளியங்குடி சித்திக்கு. மாடியில சத்தம் கேட்டா கீழ இருந்து அம்மா என்ன ஏதுன்னு கேப்பாள்லா? வியாழக்கிழமையே அவளைப் பஸ் ஏத்தி அங்க அனுப்பிருவோம். சனிக்கிழமை திரும்பி வரட்டும். நாம நிம்மதியா பாத்துக்கிடலாம். மணி அடிக்கு.

— ஏங்க, வைங்க போனை.

— ஏன்?

— வைங்கன்னா வைங்க! அன்னைக்கு அவுகளைத் தெருவைத் தாண்ட விட மாட்டேன். பாய், புரொஜெக்டருக்கே பில்லைப் போடுங்க. ஆனா மாடிக்கு இல்ல, ஹாலுக்கு. அந்தக் கறுப்புத் துணியை ஹால் ஜன்னலுக்குக் கட்டிக்கிடுதோம். இன்னும் பத்து மீட்டர் வேணும்னாலும் வாங்கிக்கிடுதோம்.

— மதினி, ஹால்னா தாராளமா முப்பது பேரு உக்காரலாமே!

— உக்காரட்டும். எங்க தெருவையே கூப்பிடப் போறேன். எங்க அண்ணனையும் வரச் சொல்லப் போறேன். நீங்களும் வாங்க பாய், வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.

— ஏட்டி, உனக்குப் பித்து கித்து பிடிச்சிட்டா? இவ்வளவு நேரம் டிவி டிவின்னு உசுரை எடுத்த. இப்ப புரொஜெக்டர்ங்குத, ஹால்ங்குத, தெருவைக் கூட்டுதேங்குத!

— டிவி போதும்னுதாங்க நெனச்சேன். பாயோட வாப்பா முகத்தைப் பாத்தப்புறம் பத்தாதுன்னு தோணிட்டு. நாலு நாளா இதை உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கேன். நான் சொல்ல மாட்டேன்னு அத்தைக்குச் சத்தியம் வேற பண்ணிக் கொடுத்திருக்கேன்.

— எதைச் சொல்ல? அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சா? நீ நடிச்சது அவளுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சும் சும்மா இருந்தாளா? சரி, இருக்கட்டும். ரெண்டு சீனுக்கு எதுக்குட்டி தெருவைக் கூட்டுத? எதுக்கு அம்மாவைப் பிடிச்சு நடுவுல உக்கார வைக்கணும்ங்குத?

— ரெண்டு சீன் எனக்குங்க. மிச்சப் படம் பூராவும் உங்க அம்மாதான் வாராக.