எந்தப் பாதி?

…ஆடாதீங்க மேடம், குத்திட்டா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது! என்ன, புரியலையா? என் பேச்சு கொஞ்சம் குழறும், போகப்போகப் பழகிடும். ஏற்கெனவே தலை வெடிக்குது எனக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து சீட்டு வந்திருக்கு, நாளைக்குப் பத்து மணிக்கு அம்மா வரணுமாம். கையைத் தூக்குங்க... பஸ்ல கம்பி பிடிக்கிற மாதிரி. ஆங்.

என் பொண்ணுதான், அஞ்சு வயசு. பெத்தது இல்ல, ரெண்டு மாசத்துல தத்து எடுத்துட்டு வந்தது. அதுவே எனக்கு மறந்துபோச்சு. மாமியார் மறக்க விட்டாத்தானே! குழந்தை தும்மினாக்கூட 'யார் ரத்தமோ!'

வீட்டுக்காரர்கிட்ட அழுதா, பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, 'ஆராய்ச்சி பண்றவங்களே பாதி பிறப்பு, பாதி வளர்ப்புங்கறாங்கடி'ங்கறார். எந்தப் பாதிங்க? இடுப்புக்கு மேலயா, கீழயா? தையக்காரிகிட்ட அளவு சொல்லாம பாதின்னா எப்படி வெட்டறது?

நெளியாதீங்க! இடது தோள் இறங்கியிருக்கு உங்களுக்கு. அம்மாவுக்கும் அப்படியா? பாத்தீங்களா, உங்களுக்குச் சொல்லிக்க ஆள் இருக்கு...

அவ என்ன பண்ணிட்டாளா? பென்சில் மேடம், பென்சில்! நாலு கலர் பென்சிலை உதட்டுல வரிசையா கவ்விக்கறாளாம். வேணுங்கிறப்போ ஒண்ணு ஒண்ணா உருவறாளாம். மிச்சத்தைக் கவ்விக்கிட்டே ஓயாத பேச்சு வேற! 'தொண்டையில சிக்கிடும். வீட்டுல யாராவது இப்படிப் பண்றாங்களா?'ன்னு டீச்சர் எழுதியிருக்காங்க. யார் பண்றா? நான், அவர், மாமியார், அவ்வளவுதான் வீடு. மாமியாருக்குக் கவ்வறதுக்குப் பல்லே கிடையாது! 'பாத்தியா, ரத்தம் வேலையைக் காட்டுது'ன்னாங்க. எனக்கு அதான் பயம். இன்னைக்குப் பென்சில்... இப்படியே ஒண்ணு ஒண்ணா வந்து, கடைசியில என்னோடதுன்னு அவகிட்ட எதுவுமே இல்லாமப் போயிடுமோன்னு...

ஏன் சிரிக்கறீங்க? நான் வயிறெரிஞ்சு பேசறேன், நீங்க... கண்ணாடியைப் பாக்கணுமா? என்ன இருக்கு கண்ணாடியில?

...என் உதட்டுல குண்டூசி. நாலு.

அடக் கடவுளே. பதினெட்டு வருஷமா இப்படித்தான் தைக்கறேன். அவ தூளி தொங்கினது இந்த மெஷின் பக்கத்துலதான். கண்ணு முழிச்சா என் வாயைத்தானே பாத்துட்டுக் கிடப்பா...

இருங்க மேடம், எங்க போறீங்க? ஜாக்கெட்டுக்கு இன்னொரு கை இன்னும் மூட்டல! ஊசியா? துப்பிடறேன், துப்பிடறேன், நாளையிலேருந்து கவ்வ மாட்டேன். அவளையும் விடச் சொல்றேன். ஆனா இன்னைக்கு ஒரு நாள்... அத்தே! அத்தே! யார் ரத்தம்னு கேட்டீங்களே, இங்க வந்து என் வாயைப் பாருங்க!