மஞ்சள் ஒயர்

— ஹெட்போனைக் கழட்டாதம்மா. இன்னொரு தடவை. இது ஒண்ணு... கேட்டியா? இப்ப சுவிட்சை மாத்துறேன். இது ரெண்டு.

— ம்... ரெண்டுதான் மாமா. தெளிவா இருக்கு.

— எப்படித் தெளிவா?

— எப்படின்னா... மூஞ்சி கழுவின மாதிரி.

— போன வாரமும் மூஞ்சிதான் கழுவின.

— போன வாரம் சோப்பு போடல.

— சிரிக்காம சொல்லு.

— என் குரலையே இத்தனை தடவை கேட்டா சிரிப்பு வராதா? கதைப் புத்தகம் வாசிச்சுப் பதிவு பண்றவ நானு. நான் கத்துற இடத்தை அமுக்கி, முணுமுணுக்கிற இடத்தைத் தூக்கிவிட ஒரு கம்ப்ரஸர் பெட்டி கேட்டேன். நீங்க என்னடான்னா...

— கடையில வாங்கினா அப்படியே விட்டுடலாம். நாமளே செய்யறப்ப உறுத்துதே.

— பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி உருளைங்களை ஒவ்வொண்ணாப் பிடுங்குறீங்களே, அதுங்க மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

— எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்மா. உள்ள ஈரமா இருக்கும். வருஷமானா காய்ஞ்சுபோகும். அப்புறம் அது வழியாப் போறது எதுவும் போன மாதிரி வெளிய வராது.

— உங்க புள்ளைகிட்ட நான் சொன்னதெல்லாம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி.

— ...அவன் பேச்சு எதுக்கு இப்ப.

— சும்மா சொன்னேன் மாமா. பிரிஞ்சாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே கேலியாவது பண்ணிக்கிறேனே.

— பண்ணிக்கோ. டீ போடவா?

— நீங்க போட்டா சர்க்கரை இருக்காது. நான் போடறேன், இருங்க.

— இல்ல, உட்காரு. ஒண்ணு சொல்லணும்... பெட்டியை இன்னைக்கு எடுத்துட்டுப் போயிடு. மூடி போட்டுத் தந்துடறேன்.

— இன்னைக்கா? அதான் இன்னும் ரெண்டு உருளை நிக்குதே, நீலமா.

— அது கரண்டு வர்ற பக்கம். அது இல்லாம முடியாது, உன் குரலும் அது வழியாப் போகல. குரல் போற புது வழியில இருந்ததை எல்லாம் எடுத்தாச்சு. சில இடத்துல தேவையே இல்ல, நேரா ஒயர். மத்த இடத்துல சின்னதா, காய்ஞ்சுபோகாத பிலிம் கெப்பாசிட்டர்.

— ஆனா எனக்கு வித்தியாசம் தெரியுதே மாமா. உருளை இருக்கிற பழைய வழி ஒண்ணு, எடுத்த புது வழி ரெண்டு, இனி எடுத்தும் பிரயோஜனமில்லன்னு ரெண்டும் ஒண்ணாக் கேக்கிற அன்னைக்குத்தான் மூடின்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்... உங்கம்மா போன் பண்ணாங்க.

— எங்கம்மாவா? உங்களுக்கா?

— உனக்கு இன்னொரு கல்யாணம் பேசலாம்னா, ஞாயித்துக்கிழமை ஆனா நீ வீட்லயே இல்லையாம். அறுந்துபோன உறவுக்கு என்ன போக்குவரத்துன்னு கேட்டாங்க. தப்பாக் கேக்கலம்மா. பெத்தவங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கம்ப்ரஸர் வேலைன்னேன். பிரிட்ஜ் ரிப்பேருக்கு என் பொண்ணு எதுக்குன்னாங்க.

— ஐயோ...

— சிரிப்பா இருக்கா?

— இருக்கு. சரி, வேலை முடியட்டும்னு அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்த ஞாயிறு வந்து...

— வேலை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இங்க எட்டிப் பாரு. சுவிட்சுக்குக் கீழ, அந்த மஞ்சள் ஒயர். எங்கயும் ஒட்டல பார்த்தியா? பழைய வழிக்குப் போனது. நான்தான் அறுத்துட்டேன். இப்ப சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் புது வழிதான். ஒண்ணும் ரெண்டும் ஒண்ணுதான்.

— எதுக்கு மாமா?

— எதுக்கு... அவனும் போயாச்சு, நீயும் போயாச்சு. வாரத்துல ஒரு நாளாவது இந்த ரூம்ல பேச்சுச் சத்தம் கேக்கட்டும்னு சொல்லாம விட்டுட்டேன். முடிஞ்சுதுன்னு சொன்னா நீ எதுக்கு வரப் போற? நீயும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு, ரெண்டுன்னு... ஒரே சத்தத்தைக் கேட்டுட்டு. இந்தக் கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. புரியாம இல்ல. ஆனா பரிதாபப்பட்டு ஒருத்தர் வர்றது... எனக்குத் தாங்கலம்மா. எடுத்துட்டுப் போயிடு.

— ஸ்க்ரூடிரைவர் எங்க?

— அந்த டப்பாவுல. ஏன், நீயே மூடப் போறியா?

— இல்ல, ஒளிச்சு வெக்கப் போறேன். அந்த மஞ்சள் ஒயர் தொங்குறதை நீங்க பால் வாங்கப் போன அன்னைக்கே பார்த்துட்டேன் மாமா. ஒண்ணாத்தான் கேக்குதுன்னு சொன்னா மூடி போட்டுடுவீங்க... அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எந்த வீட்டுக்குப் போவேன்?