செவ்வாய்க்கிழமை, முழங்கால் வரைக்கும்

அராபா: அப்போ செவ்வாய்க்கிழமை கடல்ல முழங்கால் வரைக்கும்னா பரவாயில்லைங்கறீங்க.

எஜிர்: முழங்கால் வரைக்கும்னா அது கால் கழுவறது. அதுக்கு யாரு அபராதம் போடுவா?

அராபா: இடுப்பு வரைக்கும் இறங்கினா?

எஜிர்: ஒரு ஆடு.

அராபா: கழுத்து?

எஜிர்: ஆட்டோட ரெண்டு பாட்டில் ஜின்.

அராபா: முழுசா முங்கிட்டா?

எஜிர்: முங்கினவனைக் கடல் சாமியே பாத்துப்பார். எங்களுக்கு வேலை மிச்சம்... உன் ஆட்டம், அராபா. விதையை எடு.

அராபா: எடுக்கறேன், எடுக்கறேன். எந்தக் குழின்னு யோசிக்க விடுங்க.

எஜிர்: யோசிக்கறவ கண்ணு பலகையில இருக்கணும். உன் கண்ணு என் தோளுக்குப் பின்னாலயே போகுது.

அராபா: என் படகு அங்கதானே போய்க்கிட்டிருக்கு, ஐயா.

எஜிர்: இன்னுமா போகுது?

அராபா: ரெண்டாவது பாறையைத் தாண்டிடுச்சு. நீங்க திரும்பாதீங்க. பாத்தா வயிறு எரியும்.

எஜிர்: நான் ஏன் திரும்பறேன்? ஆத்து வாயில கட்டின கயிறு நைஞ்சு போச்சு, மாத்துன்னு போன மாசமே சொன்னேன்.

அராபா: சொன்னீங்க. அறுந்து போக அதுக்கு வேற நாளே கிடைக்கலை. நேத்து அறுந்திருந்தா நாப்பது பேரு குதிச்சிருப்பாங்க. இன்னிக்குக் கரை பூரா உக்காந்து வலை பின்னறாங்க... ஒருத்தன்கூட எழுந்திருக்கலையே.

எஜிர்: எப்படி எழுந்திருப்பான்? கடல் அவரோட வீடு. ஆறு நாள் நாம உள்ள போய் வாரிட்டு வர்றோம். ஒரு நாள் அவர் கதவைச் சாத்திக்கறார்.

அராபா: சாத்திக்கிட்டு என்னதான் பண்றார்?

எஜிர்: மீன் குஞ்சுங்களைக் குளிப்பாட்டறார். எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாக்கறார்.

அராபா: அந்த இரும்புக் கப்பல்லாம் செவ்வாயும் வாருது, புதனும் வாருது. அதை எண்ண மாட்டாரா?

எஜிர்: எண்ணாமலா மீன் இப்படிக் குறைஞ்சு போச்சு? ஆனா அபராதம் கேக்க அவங்க வீட்டு வாசல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உன் வீட்டு வாசல் தெரியும்.

அராபா: நல்ல நியாயம்.

எஜிர்: கிட்ட இருக்கறவங்களுக்குத்தான் நியாயம். ம்... நாலு விதை எனக்கு.

அராபா: எடுத்துக்கங்க. ஐயா, எங்க வீட்டுல குடியிருக்காங்களே டீச்சர், கேப் கோஸ்ட் பட்டணத்திலேருந்து வந்தவங்க. அவங்க சொல்றாங்க, கிரேக்க நாட்டுக் கடல் சாமி குதிரை வளக்கறாராம்.

எஜிர்: கடலுக்குள்ளயா? குதிரை என்னத்தைத் திங்கும்?

அராபா: அதை நானும் கேட்டேன். புத்தகத்துல போடலையாம்.

எஜிர்: அவருக்கு லீவு என்னிக்கு?

அராபா: லீவே கிடையாதாம். கோவம் வந்தா பூமியை ஆட்டுவாராம்.

எஜிர்: லீவு இல்லாதவன் பின்ன என்ன பண்ணுவான்.

அராபா: வடக்கே பனிக்கட்டி தேசத்துல கடலுக்கு ஒரு பொம்பளைதான் சொந்தக்காரியாம். அடியில உக்காந்திருக்காளாம். அவளுக்கு விரல் கிடையாது. தலை சிக்காயிடும். மந்திரக்காரன் ஒருத்தன் கீழ போய் முடியைச் சீவி விட்டாத்தான் பிடிக்கறதுக்கு எதையாவது வெளிய விடுவாளாம்.

எஜிர்: இது நியாயமா இருக்கு. இந்த வேலைன்னா உன்னை அனுப்பலாம்.

அராபா: அனுப்புங்களேன், இப்பவே சீப்போட போறேன்.

எஜிர்: முழங்கால் வரைக்கும் போ.

அராபா: ...சரி, இதைச் சொல்லுங்க. கதவைச் சாத்தினது மீன் பிடிக்கறவனுக்குத்தானே? ஒருத்தன் வலை இல்லாம, தூண்டில் இல்லாம, தன்னோட சாமானை மட்டும் எடுக்கப் போறான். அவன் என்ன திருடனா?

எஜிர்: உன் செருப்பை என் வீட்டுல விட்டுட்டுப் போயிட்டே. நான் தூங்கறப்ப ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சு எடுப்பியா?

அராபா: செருப்பா அது? ஒன்பது பேரு அந்தப் படகை நம்பிச் சாப்பிடறாங்க. என்னோட சேத்தா பத்து. ஒத்தை மரத்தைக் குடைஞ்ச படகு. எங்க அப்பாவே காட்டுக்குப் போய் மரத்தைப் பாத்து, அதுக்கு முட்டை ஒடச்சு, மன்னிப்புக் கேட்டு வெட்டினது. அந்த மாதிரி மரம் இன்னிக்கு எங்க இருக்கு?

எஜிர்: தெரியும். அந்த மரத்தை இழுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

அராபா: பின்ன தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மீனவர் தலைவருக்கு வாயும் காதும் நீங்கதானே. நீங்க சொன்னாத்தான் அவர் கேட்டதா கணக்கு.

எஜிர்: சொன்னா, கேப்பார். கேட்டுட்டா முடியாதுன்னுதான் சொல்லணும். அவர் சொன்னதைத் திருப்பி ஊருக்குச் சொல்றதும் நான்தான். எதுக்கு இந்தச் சுத்து வழி?

அராபா: நான் செவ்வாய்க்கிழமை பொறந்தவ. அராபாங்கற பேருக்கு அர்த்தமே அதான். அவருக்கு நான் கொஞ்சம் சொந்தம் இல்லையா?

எஜிர்: ஊர்ல செவ்வாய்க்கிழமை பொறந்த அத்தனை பேரும் இதைச் சொல்லிப் பாத்தாச்சு.

அராபா: அவர்... இன்னிக்கு உள்ள போனவனை நெஜமாவே எடுத்துக்குவாரா?

எஜிர்: யாரை?

அராபா: யாரோ ஒருத்தனை. சும்மா கேக்கறேன்.

எஜிர்: அந்த யாரோ ஒருத்தன் நல்லா நீந்துவானா?

அராபா: நீந்துவான். எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது.

எஜிர்: ஓ. உங்க அப்பா சொல்லிக் கொடுத்த யாரோ ஒருத்தன். விதையைப் போடு, அராபா.

அராபா: ஃபீஃபி, ஐயா. என் தம்பி. பாறைக்கு அந்தப் பக்கத்திலேருந்து இறங்குடான்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டு ஓடி வந்து உங்க முன்னால உக்காந்தேன். குதிரை, சீப்பு எல்லாம்... உங்களைத் திரும்ப விடாம வச்சுக்கத்தான். இப்போ அவன் தலையைக் காணோம். ரொம்ப நேரமா காணோம்.

எஜிர்: படகு என்ன பண்ணுது?

அராபா: அவனைக் காணோம்ங்கறேன்...

எஜிர்: படகைப் பாரு. மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?

அராபா: கடல் பக்கம்தான்... இல்லை. இருங்க. திரும்புது. ஐயா, கரைக்குத் திரும்புது. எப்படித் திரும்பும்? அதுல மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை. எல்லாத்தையும் நேத்தே கரைக்குக் கொண்டு வந்தாச்சு. கையால தள்ளியா?

எஜிர்: அந்தப் படகைக் கையால யாரு தள்ளுவா? என் துடுப்பால. குதிக்கறதுக்கு முன்னாடி துடுப்பு கேட்டு என் வீட்டுக்குத்தான் வந்தான்.

அராபா: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் ஆடு, பாட்டில்னு...

எஜிர்: நீ கரையில நின்னு கத்தினா ஊரே கடலைப் பாக்கும். உன்னை உக்கார வைக்க எனக்கும் ஒரு பலகை வேண்டியிருந்துச்சு.

அராபா: அவன் எழுந்து நிக்கறான்... ஐயா, நிக்கறான். ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன்.

எஜிர்: நீயே பாத்துச் சொல்லு. நான் திரும்பிப் பாத்துட்டா அது தலைவருக்குச் சேதி.