வால் ஒடிந்த இறால்

பூண்டும் வெண்ணெயும் ஒரே சட்டியில் சேர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வீடும் கொஞ்ச நேரத்துக்கு நல்ல வீடாகிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு முன் வெகுகாலமாக மருந்து, ஈரத்துணி, கஞ்சி இந்த மூன்றின் வாடைதான். அதனால் அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைத்தபோது தப்பு செய்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

நான் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் உறை. நீளமான எஃகு மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை ஊசியால் இழுத்துப் போடுவோம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். எங்களை மேய்க்கிற சூப்பர்வைசருக்கு ‘விசில்’ என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் அவளுடைய முன்பல் இடைவெளியில் காற்று விசிலடிக்கும். நல்லவள்தான். அவளை இதில் இழுக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஓட்டலில் சமையல்காரர். சரக்கு எடுக்க கம்பெனியின் பின்வாசலுக்கு வருவார். ஒருநாள் பெட்டியை மாற்றிக் கொடுக்கும்போது என் கை அவர் கைமேல் பட்டுவிட்டது. “ஏங்க, இறால விட உங்க கைதான் ஃப்ரெஷ்ஷா இருக்கு, சில்லுனு” என்றார். மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வருஷமே கல்யாணம்.

வீட்டில் அவர் அதிகம் சமைக்க மாட்டார். எப்போதாவது நான் அலுத்துப்போய் வந்தால், “தள்ளு, தள்ளு” என்று என்னை உட்காரவைத்துவிட்டு இறாலை எடுப்பார். துணியில் ஒற்றி ஈரம் போக்கி, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஒரு புரட்டு. வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை. நான் கைகால் கழுவி வருவதற்குள் தட்டு மேசையில் இருக்கும். எங்கள் மகள் பாப்பா ரொட்டியால் சட்டியைத் துடைத்தே பளபளப்பாக்கிவிடுவாள். அடுப்பில் இறால் இருக்கும்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். பேசினால் கவனம் சிதறும், இறால் ரப்பராகிவிடும்.

பாப்பா எக்ஸ்ரே படிப்பு முடித்த வருஷம் அவர் ஓட்டல் அடுப்படியில் விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. வலது பக்கம் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. விழுங்குவதும் பாதி போய்விட்டது. இடது கை மட்டும் அவருடையதாகவே இருந்தது.

விழுங்கப் பழக்கிவிட ஒரு பெண் வாரா வாரம் வருவாள். சின்ன வயது. என்னை உட்கார வைத்துச் சொன்னாள். “கஞ்சி தேன் மாதிரி வழியணும்மா. கட்டி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. மூச்சுக்குழல்ல ஏதாவது போயிடுச்சுன்னா அவரால இருமி வெளிய தள்ள முடியாது. இந்த மெஷின் எப்பவும் பக்கத்துல ஓடுற நிலையில இருக்கணும்.” சளி உறிஞ்சும் மெஷின் அது. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும்.

அவரைப் புரட்டிப் படுக்கவைப்பேன், துடைப்பேன், பவுடர் போடுவேன், ஊட்டுவேன், உறிஞ்சி எடுப்பேன். பிறகு மறுபடியும் புரட்டுவேன். தூக்கம் என்பது துண்டு துண்டாகக் கிடைக்கிற ஒன்றாகிவிட்டது. கம்பெனியில் நின்றுகொண்டே தூங்கி ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் கீழ்வீட்டு டைலர் அக்கா மேலே வந்து எட்டிப் பார்ப்பார். என் வீட்டுக்காரரின் தம்பி எப்போதாவது ஒரு பை நிறையப் பழத்தோடு வருவார். “அண்ணன் நல்லா தேறிட்டாரு, அண்ணி” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். பழத்தை அண்ணனால் சாப்பிட முடியாது. நானும் பாப்பாவும்தான் சாப்பிடுவோம்.

நான் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

நாலைந்து மாதத்துக்கு முன் அவரைப் பரிசோதித்த டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கவலையே படாதீங்கம்மா. இதயம் குதிரை மாதிரி இருக்கு. நீங்க பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிட்டா இன்னும் பதினஞ்சு இருபது வருஷம் தாராளமா இருப்பாரு.” என்னைப் பாராட்டத்தான் சொன்னார். நானும் “சந்தோஷம், டாக்டர்” என்றேன். வெளியே வராந்தாவில் வீட்டுக்காரருடைய சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வந்த ஒருவர், “அம்மா, வழி விடுங்க” என்று தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அதே வாரம் பாப்பாவுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எனக்குச் சொல்லவே இல்லை. அவள் ஃபோனில் யாரிடமோ வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஏன்டி வேண்டாங்கிற?”

“நான் போகலம்மா. விடு.”

“அப்பாவை நான் பாத்துக்க மாட்டேனா?”

“நீ அப்பாவைப் பாத்துக்குவ. உன்னை யாரு பாத்துக்குவா? கண்ணாடியில உன் மூஞ்சியை என்னைக்காவது பாத்தியா?”

சொல்லிவிட்டு அவருடைய துணிகளை வாளியில் போட்டு அலச ஆரம்பித்தாள். முழங்காலை மடக்கி, முந்தியைச் செருகிக்கொண்டு, அச்சு அசலாக நான் உட்காருகிற மாதிரியே. அவளுக்கு அப்போது கல்யாணப் பேச்சுகூட எடுக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியாவது தப்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தாய் அப்படி நினைப்பதில் என்ன தப்பு?

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் விசில் ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தாள். பெரிய இறால். வால் ஒடிந்தவை ஏற்றுமதிக்குப் போகாது. “கொண்டு போ. பொண்ணுக்கு செஞ்சு குடு. நீயும் ஒரு வாய் தின்னு, காத்தடிச்சா பறந்துடுவ போல இருக்க” என்றாள். அதை ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன், ஐஸ் விடட்டும் என்று. திடீரென்று தோன்றிச் செய்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பாப்பா அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு கிளினிக் டூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, “கொஞ்சம் கெட்டியாப் போச்சு போலம்மா. ரெண்டு தரம் இருமினாரு. பாத்துக்க” என்றாள். சரி என்றேன்.

இறாலைத் துணியில் ஒற்றினேன். பூண்டைப் பொடியாக நறுக்கினேன். சட்டி காய்ந்தது, இறாலைப் போட்டுப் புரட்டினேன், வெண்ணெயைச் சேர்த்தேன். அவர் எப்படிச் செய்வாரோ அப்படியே. கூடத்தில் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி வைத்திருந்தேன். வாசனை எட்டியதும் அவர் அடுப்படிப் பக்கம் கண்ணைத் திருப்பினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ ஓடியது. கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது புரியாதா? தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே வாயைத் திறந்தார். ஒன்று கொடுத்தேன். இரண்டாவதும் கொடுத்தேன்.

சளி மெஷினின் பிளக் கழன்று கிடந்தது என்று நான் சொன்னதும், ஏன் என்று கேட்டீர்கள். மிக்ஸிக்காக எடுத்தேன் என்று சொன்னேன். பூண்டைக் கத்தியால் நறுக்கியதாகச் சொல்கிறீர்களே, மிக்ஸி எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். மிக்ஸியை நான் எடுக்கவே இல்லை.

அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான புதிதில் தெருவைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே விட்டுவிட்டுக் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். தையல் மெஷின் நின்றது. படியில் காலடி கேட்டது.

கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றேன்.

“என்னம்மா சத்தம்? அண்ணன் ஏதாவது கேக்குறாரா?”

“ஒண்ணுமில்லக்கா. தாளிப்பு நெடி, அவருக்குக் கமறுது.”

“வாசனை ஆளைத் தூக்குதே. என்ன, இறாலா?”

“இருங்கக்கா, ஒரு நிமிஷம்.”

உள்ளே வந்து ஒரு கிண்ணத்தில் நாலைந்து இறாலைப் போட்டு, மேலே கொஞ்சம் வெண்ணெயையும் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும், தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். கிண்ணம் சுடும் என்று துணி சுற்றிக் கொடுத்தேன். அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது மேலே கட்டில் சத்தம் நின்றிருந்தது.

அவருடைய வாயைச் சுத்தம் செய்தேன். முகத்தைத் துடைத்தேன். பிளக்கை அதன் இடத்தில் சொருகினேன். பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்கு வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. நன்றாக வந்திருந்தது, மேடம். ரப்பராகவில்லை.

டாக்டர் வந்து பார்த்து, கஞ்சி புரையேறியிருக்கும், இந்த மாதிரிக் கேஸில் எதிர்பார்க்க வேண்டியதுதான் என்றார். யாரும் எதையும் தோண்டவில்லை. பாப்பா மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து, “நான் கெட்டியா கரைச்சுட்டேம்மா. இருமினாரு, நான் பாத்துட்டேதான் போனேன்” என்றாள். சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். “உன் மேல தப்பில்லடி” என்றேன். யார் மேல் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் தேறிவிடுவாள், அந்த ஊருக்குப் போய்விடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கூப்பிட்டபோதும் போகவில்லை. “உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேம்மா” என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம். முழு ராத்திரி தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தேன்.

ஆனால் அவளால் சாப்பிட முடியவில்லை. முதலில் ரொட்டி இறங்கவில்லை. பிறகு சோறு. வாயில் வைத்தால் தொண்டை இறுகிக்கொள்கிறது, மூச்சு அடைக்கிறது என்றாள். டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை, மனசில்தான் என்றார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வேலைக்குப் போவது நின்றது. அவர் படுத்திருந்த கட்டிலிலேயே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தேன். தேன் மாதிரி வழிகிற பதத்தில். கட்டியில்லாமல்.

இன்றைக்குக் காலையில் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒரு வாய்டி.”

உதட்டை இறுக்கிக்கொண்டாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவள் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் “அம்மா, வலிக்குது” என்று பல்லிடுக்கில் முனகிய பிறகுதான் கீழே பார்த்தேன். என் இடது கை அவளுடைய தாடையைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். எந்த இடத்தில் அழுத்தினால் பற்கள் விலகும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவராகவே வாயைத் திறந்தார் என்று முன்னே சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள், மேடம். அவர் திறக்கவில்லை. என்னையே பார்த்தபடி, தன்னால் முடிந்த மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் இருக்கப் பிடித்திருந்தது.